சைக்கிள் கடைச் சாட்சி

உக்காருங்க வாத்தியாரய்யா. ஸ்டூல் கொஞ்சம் ஆடும், செவுத்தோட சாஞ்சுக்குங்க. உங்க பின் சக்கரத்துல ரெண்டு எடத்துல பஞ்சருங்க. கருவேல முள்ளு. பள்ளிக்கொடத்துக்குக் குறுக்கு வழில போனீங்களாக்கும்? அரை மணி நேரம் ஆகுமுங்க. அவசரப்பட்டா பேட்ச்சு நிக்காது. சொலூஷனைத் தடவிப்போட்டு அது காயற வரைக்கும் சும்மா இருக்கோணும். எனக்குக் கை சும்மா இருக்கும், வாய் சும்மா இருக்காது. கேட்டுக்கிட்டே உக்காருங்க.

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சாமா. தஞ்சாவூர்ப் பக்கம்னு பள்ளிக்கொடத்துப் பியூன் சொன்னான். அப்ப என்னைப் பத்தி இன்னும் யாரும் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன். சைக்கிள் கடை சென்னியப்பன் சொந்த மருமகனையே ஜெயிலுக்கு அனுப்பிச்சவன்னு சொல்லுவாங்க. டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க, சலூன்ல கேட்டாலும் சொல்லுவாங்க. அது பொய்யிங்க. நான் அன்னிக்குக் கோர்ட்டுல உண்மையைத் தவிர ஒரு வார்த்தை பேசல. என் கொறையே அதுதானுங்க.

எதுத்தாப்புல பாருங்க, செவப்புக் கட்டடம். போலீஸ் ஸ்டேஷன். என் கடை இங்க, ஸ்டேஷன் அங்க, நடுவுல ரோடு. இருவது வருசமா இப்படித்தான். கடை இருக்கற எடம் பொறம்போக்குங்க, அதை மறைக்க என்ன இருக்குது? முனிசிபாலிட்டிக்காரன் ரெண்டு தடவை கடப்பாரையோட வந்தான். ரெண்டு தடவையும் ஏட்டய்யா ரோட்டைத் தாண்டி வந்து, "இது நம்ம ஆளு கடை"ன்னாரு. போயிட்டான். நம்ம ஆளு. அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடலாமுங்களே.

என்ன கையெழுத்துன்னு கேக்கறீங்களா? சாராயக் கேசுங்க. மதுவிலக்குச் சட்டத்துல சாராயத்தைப் புடிச்சா, புடிச்ச எடத்துலயே மகஜர்னு ஒரு தாள் எழுதோணும். இன்ன எடம், இன்ன நேரம், இன்னாருகிட்ட இவ்வளவு சாராயம்னு. அதுக்குக் கீழ பொதுசனத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடோணும். ரெண்டு பேரு இல்லாட்டிக் கேசு நிக்காது. சாராயக்காரனைத் தொரத்திட்டு ஓடற ஓட்டத்துல பொதுசனத்துக்கு எங்க போவாங்க? எதுத்தாப்புல நான் இருந்தேன். பக்கத்துல டீக்கடைக் குப்பண்ணன் இருந்தாரு. மொதல்ல எங்களைக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சுத்தான் கையெழுத்து வாங்குனாங்க. அப்பறம் காமிக்காம வாங்குனாங்க. அப்பறம் வெறுந்தாள்லயே பத்து இருவதுன்னு வாங்கி அலமாரில வெச்சுக்கிட்டாங்க, அவசரத்துக்கு ஆகும்னு. நான் என்ன பண்றது, கடையைப் பூட்டிட்டுத் தெனமும் அவங்க பொறத்தால ஓட முடியுங்களா?

அப்பறம் கோர்ட்டுல கூப்புடுவாங்க. ஏறி நிக்கோணும். "பாத்தியா?" "பாத்தனுங்க." "இது உன் கையெழுத்தா?" "ஆமாங்க." "இறங்கு." அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும், அதுல ஒரு வித்தை இருக்குதுங்க. சில பேரு ஏறி நின்னு ஒளறிக் கொட்டுவாங்க. நான் ஒளறுனதே இல்ல. மூணு மேஜிஸ்ட்ரேட்டு மாறிட்டாங்க, மூணு பேருக்கும் என் மூஞ்சி தெரியும். அதுல ஒருத்தர், "இந்தச் சைக்கிள் கடைக்காரரு தெளிவாப் பேசறாரு"ன்னாராமா. ஏட்டய்யா வந்து சொன்னப்ப எனக்குச் சந்தோசத்துல அன்னிக்குச் சோறு எறங்கலீங்க.

கூண்டுல நின்னவங்க யாரு எவருன்னு எனக்கென்ன தெரியும்? கூலிக்காரன் இருப்பான், வண்டியோட்டறவன் இருப்பான். ஒருத்தன் மட்டும் என்னையே பாத்துட்டு நின்னான். "ஐயா, உங்களை நான் பாத்ததே இல்லீங்களே"ன்னான். நானும் அவனைப் பாத்ததில்லீங்க, அது வாஸ்தவம். மேஜிஸ்ட்ரேட்டு அவனைப் பேசாம நில்லுன்னுட்டாரு. அவன் பேரு இப்ப ஞாபகத்துல இல்ல.

இந்த ஊர்ல சாராயம் காச்சறது யாருன்னு பச்சைப்புள்ளைக்கும் தெரியும். தோப்புக்காரர்னுதான் சொல்லுவோம், பேரைச் சொல்றது மரியாதையில்ல. ஆத்தோரம் தென்னந்தோப்பு. அதுக்குள்ள போலீஸ் போகாது. ஆனா மேல இருந்து அதிகாரிங்க மாசத்துக்குப் பத்துக் கேசு காட்டுன்னு கேப்பாங்களே. அந்தப் பத்தையும் தோப்புக்காரரே அனுப்பி வெச்சிருவாரு. ஆளையும் அனுப்புவாரு, கூடச் சாராயத்தையும் குடுத்தனுப்புவாரு. அவன் ஒத்துக்குவான், உள்ள போவான், அவன் வீட்டுக்கு அரிசி பருப்பு போயிரும். ஆள் கொறையற மாசத்துல மட்டும் கையில கெடைச்சவனைப் புடிச்சுப் போடுவாங்க. ஒழுங்கா நடந்துட்டு இருந்ததுங்க. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

சாராயம் எதுல போகும்னு நெனைக்கறீங்க? இதுலதானுங்க, சைக்கிள் ட்யூப்புல. ஒரு எடத்துல வெட்டி, உள்ள ஊத்தி, ரெண்டு மொனையையும் இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுத்திக் கட்டிக்கிட்டு மேல சட்டையைப் போட்டுக்குவாங்க. பாக்கறதுக்குக் கொஞ்சம் தொப்பை வெச்ச ஆளு நடந்து போற மாதிரி இருக்கும். பழைய ட்யூப்பெல்லாம் என் கடையில இருந்துதான் போச்சு. எதுக்குன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. ஓட்டை இருந்தா ஒட்டிக் குடுப்பேன். ஒரு சொட்டு ஒழுகாதுங்க. தோப்புக்காரரே ஒரு நாள் காரை நிறுத்தி, "உன் வேலை வேலைதான்டா"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

இங்க பாருங்க, பேட்ச்சு வெட்டறதை. எல்லாரும் சதுரமா வெட்டி அப்படியே ஒட்டுவாங்க. மூலை கூரா இருந்தா டயருக்குள்ள ஒரசி ஒரசி உரிஞ்சுக்கும். நான் நாலு மூலையையும் இப்படி ரவுண்டாச் செத்திப்போடுவேன். ஓரத்தையும் சாய்வாத் தேய்ச்சு விடுவேன். இந்த ஊர்ல வேற எவனும் இந்த வேலை செய்யறதில்ல. அவனவனுக்கு அவசரம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். என்ற பொண்ணு பேரு துளசிமணி. ஒரே பொண்ணு. மாப்பிள்ளை நாச்சிமுத்து, மில்லுல தறி ஓட்டறாரு. ஓட்டிட்டு இருந்தாரு. மில்லு லைன்லயே வீடு குடுத்திருந்தாங்க. ரெண்டு வயசுல ஒரு பொட்டப்புள்ள. குடி கெடையாது, பீடி கெடையாது, சீட்டு கெடையாது. ஒரே ஒரு கொறை என்னன்னா, எதைப் பாத்தாலும் இது நியாயமா இது நியாயமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. மாமனாருங்கற மரியாதைக்கு என்னை மட்டும் கேட்டதில்ல.

போன வருசம் மாசி மாசமுங்க. மாப்பிள்ளை கூடத் தறி ஓட்டற கூட்டாளி ஒருத்தருக்குத் தோப்புச் சாராயத்தைக் குடிச்சுக் கண்ணு போயிருச்சு. ரெண்டு கண்ணும். இவரு ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துட்டு வந்தவரு, மறுநாள் காலையில மில்லு கேட்டுக்கு முன்னால சாராயம் விக்கறவனை மறிச்சுக்கிட்டாரு. இழுபறில அவன் இடுப்புல இருந்த ட்யூப்பைக் கழட்டி விட்டுட்டு ஓடிட்டான். மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு தெரியுங்களா? அந்த ட்யூப்பைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, கடைவீதி வழியா, பதினோரு மணி வெயில்ல, நேரா ஸ்டேஷனுக்கு வர்றாரு. கம்ப்ளெயிண்ட் குடுக்கறதுக்கு!

ஸ்டேஷனுக்குள்ள போறதுக்கு முந்தி இங்க நின்னாரு. நீங்க கால் வெச்சிருக்கற அதே எடத்துல.

"மாமா, இதை நம்ம ஸ்டேஷன்ல குடுத்தா எடுத்துக்குவாங்களா? இல்ல கோயமுத்தூருக்கே போயிப் பெரிய அதிகாரிகிட்டக் குடுக்கட்டுங்களா?"

போகாதீங்க மாப்ளன்னு சொல்லலாம். சொன்னா, ஏன் மாமான்னு கேப்பாரு. அவருதான் கேக்கறவராச்சே. அவங்க தோப்புக்காரருக்கு வேண்டியவங்கன்னு சொல்லோணும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்னு அடுத்தாப்புலக் கேப்பாரு. அப்பறம் என் கையெழுத்து, என் ட்யூப்பு, எல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். மருமகன் முன்னால அப்படி நிக்க முடியுங்களா? அவரு என்னைப் பெரிய மனுசன்னு நெனைச்சுட்டு இருக்கறாரு. போலீஸ்காரங்களே வந்து ஐயா வணக்கம்னு சொல்ற மாமனாரு.

"தாராளமாப் போங்க மாப்ள. இன்ஸ்பெக்டரு நமக்கு வேண்டியவரு. என் பேரைச் சொல்லுங்க"ன்னேன்.

சொல்லிட்டு ட்யூப்பைப் பாத்தேன். தோள்ல தொங்குது. வாசம் வருது. நடுவுல பேட்ச்சு, நாலு மூலையும் ரவுண்டு. சும்மா சொல்லக்கூடாதுங்க, அத்தனை இழுபறிலயும் ஒரு சொட்டு ஒழுகல.

மாப்பிள்ளை ரோட்டைத் தாண்டிப் படியேறிப் போனாரு. நான் ஒரு வீலுக்குக் கம்பி பூட்டிட்டு இருந்தேன். பூட்டி முடிச்சேன். அவரு வரல. இன்னொரு வீல எடுத்தேன். வரல. கம்பியை எண்ணறேன், எண்ணிக்கை தப்பித் தப்பிப் போகுது. அந்த வாசல்ல இருந்து கண்ணை எடுக்க முடியல. ஒரு மணி சங்கு ஊதுனப்ப ஏட்டய்யா வந்தாரு. என் மூஞ்சியைப் பாக்காம சைக்கிள் பெல்லை அமுக்கிட்டே சொன்னாரு: "ஏப்பா சென்னியப்பா, அவன் உன்ற மாப்பிள்ளையாமா. கேசு எழுதியாச்சு. தாள்ல உன்ற கையெழுத்துத்தான் இருக்குது."

ஓடுனனுங்க. அந்த ரோட்டை நான் அப்படி ஓடித் தாண்டுனதே இல்ல. மாப்பிள்ளை உள்ள ஓரமா நின்னுட்டு இருந்தாரு, சட்டையக் கழட்டிட்டாங்க. இன்ஸ்பெக்டரு மகஜரை எடுத்துக் காமிச்சாரு. காலையில ரயில்வே கேட்டுக்கிட்ட நாச்சிமுத்துங்கறவன் இடுப்புல சாராயத்தைக் கட்டிக்கிட்டு வந்தான், சாட்சிகள் சென்னியப்பன், குப்பண்ணன் முன்னிலையில புடிச்சோம்னு எழுதியிருந்தது. கீழ என் கையெழுத்து, அழகா, கோணாம.

"ஐயா, இது என்ற பொண்ணு வாழ்க்கைங்க. இந்த ஒரு தாளைக் கிழிச்சுப்போடுங்க"ன்னேன்.

"தோப்புக்காரரு போன் பண்ணிட்டாரு. மில்லு வாசல்ல அவரு ஆளு மேல கை வெச்சிருக்கறான், சும்மா விட முடியாது"ன்னாரு. அப்பறம் கொரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "இந்தத் தாளைக் கிழிச்சா உன் கையெழுத்து இருக்கற அத்தனை தாளையும் கிழிக்கோணும் சென்னியப்பா. நீ கோர்ட்டுல பாத்தேன் பாத்தேன்னு சொன்னதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. பொய்ச்சாட்சிக்கு எத்தனை வருசம்னு தெரியுமா? வழக்கம்போல வந்து பாத்தேன்னு சொல்லு. அபராதத்தோட முடிச்சுத் தர்றேன்."

அபராதம்னா கட்டிட்டு வந்துரலாம்னுதான் எனக்குத் தோணுச்சு. வீட்டுக்குப் போயித் துளசிமணிகிட்டச் சொன்னேன். அவ, "அபராதம்னாலும் குத்தவாளிதானேப்பா. மில்லுல அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க. லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அவரு ஒரு குத்தமும் பண்ணலைன்னு தீர்ப்பு வந்தாத்தான் எங்களுக்குச் சோறு"ன்னா. அப்பறம், "நீங்க எப்படிப்பா அந்தத் தாள்ல?"ன்னு கேட்டா. சொல்ல வேண்டியதாப் போச்சு. வெறுந்தாள் விசயத்தை அன்னிக்குத்தான் மொத மொதல்ல சொன்னேன். கேட்டுட்டு அவ, "இப்படி எத்தனை தாள்ப்பா?"ன்னா. அது இப்ப எதுக்கும்மான்னேன். பொம்பளைப் புள்ளைங்க இப்படித்தானுங்க, தலைபோற நேரத்துல சம்பந்தமில்லாததைக் கேக்கும்.

வேதகிரி வக்கீலைப் புடிச்சோம். நல்ல மனுசன், ஆனா சிரிக்க மாட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொன்னாரு: "வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டேன், ஒண்ணையும் பாக்கலைன்னு நீங்க சொல்லத்தான் வேணும். ஆனா மாமனாரு சொல்றதை மேஜிஸ்ட்ரேட்டு நம்ப மாட்டாரு. நமக்கு இருக்கறது ஒரே ஒரு பிடி. அவசரத்துல ட்யூப்புக்கு அரக்கு சீல் வெக்காம விட்டுட்டாங்க, அடையாளச் சீட்டும் கட்டல. கோர்ட்டுல இருக்கற ட்யூப்புதான் இவருகிட்ட இருந்த ட்யூப்புன்னு அவங்களால நிரூபிக்க முடியாது. இதுதானான்னு உங்களைக் கேட்டா, ட்யூப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்குது, என்னால சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும், கேசு உடைஞ்சிரும்."

ட்யூப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்குது. மூணு நாளா அதையே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். குளிக்கறப்பச் சொன்னேன், பம்ப் அடிக்கறப்பச் சொன்னேன். இன்ஸ்பெக்டரு ஜீப்பு கடைக்கு முன்னால நின்னு நின்னு போச்சு. அவரு ஒண்ணும் கேக்கல, என்னைப் பாப்பாரு, போயிருவாரு. குப்பண்ணன் பயந்துக்கிட்டு மேலுக்கு முடியலைன்னு படுத்துட்டாரு. நான் படுக்கலீங்க. பொய்ச்சாட்சின்னு உள்ள போட்டாலும் பரவால்ல, பொண்ணு வாழோணும்னு முடிவு பண்ணிட்டேன். அதை யாரும் இப்பச் சொல்றதில்ல பாருங்க.

கோர்ட்டுல கூட்டம். மில்லுக்காரங்க பாதிப்பேரு வந்திருந்தாங்க. கூண்டுல மாப்பிள்ளை. பொறத்தால பெஞ்சுல துளசிமணி, மடியில கொழந்தை. நான் எதுத்தாப்புலச் சாட்சிக் கூண்டுல ஏறுனேன். சர்க்கார் வக்கீல் எளவட்டம், எப்பவும் என்னைப் பாத்தா ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. அன்னிக்குச் சிரிக்கல.

"பாத்தியா?"

"பாக்கலீங்க."

வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குனாங்க, அந்த நேரத்துல நான் கடையில வீலுக்குக் கம்பி பூட்டிட்டு இருந்தேன், மாப்பிள்ளை கம்ப்ளெயிண்ட் குடுக்கத்தான் போனாருன்னு எல்லாத்தையும் சொன்னேன். என் சாட்சி வாழ்க்கைலயே அவ்வளவு நீளமாப் பேசுனதில்ல. இன்ஸ்பெக்டரு பொறத்தால நின்னு என்னைப் பாக்கறது முதுகுல சுடுது. மேஜிஸ்ட்ரேட்டு பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு, "குத்தவாளி உங்களுக்கு என்ன ஒறவு?" "மருமகனுங்க." "ஓகோ"ன்னாரு. அந்த ஓகோவுலயே தெரிஞ்சு போச்சு, நம்பலைன்னு. வேதகிரி வக்கீல் என்னைப் பாத்து லேசாத் தலையாட்டுனாரு. இனி ட்யூப்புதான்னு அர்த்தம்.

சர்க்கார் வக்கீல் ட்யூப்பை எடுத்துட்டு வந்து என் முன்னால நீட்டுனாரு.

"இதுதானா?"

"ட்யூப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க. என்னால சொல்ல முடியாதுங்க."

சொல்லிட்டேன்! சொல்லிட்டேனுங்க வாத்தியாரய்யா. சரியாச் சொன்னேன். துளசிமணி மூச்சு விட்டது எனக்கு இங்க கேட்டுது. வேதகிரி வக்கீல் தாளையெல்லாம் அடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

அந்த எளவட்டம் போயி உக்காந்திருக்கலாம். உக்காரல. ட்யூப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே மேஜிஸ்ட்ரேட்டைப் பாத்துச் சொல்லுது: "இவரு சொல்றதும் சரிதானுங்க யுவர் ஆனர். தெருவோரத்துல பஞ்சர் ஒட்டற ஆளு. ஏதோ ஒரு ரப்பரை வெட்டி ஏதோ ஒரு பசையை வெச்சு ஒப்பேத்தறது. இந்தப் பேட்ச்சை ஒட்டுனது எவனோ அரைகுறை. இவரு ஒட்டுனதே இதுவா இருந்தாலும் இவருக்கு அடையாளம் தெரியப் போறதில்ல. ஒட்டுனது நாளைக்கு உரிஞ்சு போனா வந்தவன்கிட்ட இது நான் ஒட்டுனதில்லைன்னு சொல்ற பொழப்பு."

கோர்ட்டே சிரிச்சுதுங்க. மில்லுக்காரங்க சிரிச்சாங்க. மேஜிஸ்ட்ரேட்டும் லேசாச் சிரிச்சாரு, தெளிவாப் பேசறாருன்னு சொன்ன அதே மேஜிஸ்ட்ரேட்டு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. இருவது வருசமுங்க! என் பேட்ச்சு உரிஞ்சுதுன்னு ஒருத்தன் இந்தக் கடைப் படியேறுனதில்ல. நாலு மூலையும் ரவுண்டாச் செத்தி, ஓரம் தேய்ச்சு, கண்ணு முன்னால தொங்குது, அதை அரைகுறைங்கறான்.

"ஏனுங்க, எவன் அரைகுறை? மூலையைப் பாருங்க மூலையை! இப்படி ரவுண்டா வெட்டறது இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். அன்னிக்கு மாப்பிள்ளை தோள்ல கெடக்கறப்பவே பாத்தேன், ஒரு சொட்டு ஒழுகல. இது நான் ஒட்டுனதுங்க!"

சொல்லிட்டு நிமிந்து நின்னேன். மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. அந்தப் பையனை நல்லா மடக்கிட்டேன்னுதான் நெனைச்சேன். துளசிமணி பக்கம் திரும்பினேன், எங்கப்பாடான்னு பெருமையாப் பாப்பாள்னு. அவ வாயில கை வெச்சுட்டு இருந்தா. வேதகிரி வக்கீல் உக்காந்துட்டாரு. அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. மாப்பிள்ளையை மட்டும் பாத்தேன். அவரு ட்யூப்பைப் பாக்கல, என்னைப் பாக்கல. அவரு அந்தப் பேட்ச்சையே பாத்துட்டு நின்னாரு. அது யாரு ஒட்டுனதுன்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"போதும், இறங்கு"ன்னாங்க. மீதியைச் சொல்லோணுங்கன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க.

ஆறு மாசம் கடுங்காவல். வெறுந்தாள்னு சொன்னேன், அதை நம்பல. பேட்ச்சு என்னோடதுன்னு சொன்னேன், அதை மட்டும் நம்பிட்டாங்க. ரெண்டும் உண்மைதானுங்க! ஒரே வாய்தான், ஒரே நாள்தான். இது எந்த ஊரு நியாயமுங்க?

கோர்ட்டுப் படில துளசிமணி என்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "அன்னிக்கு அவரு ரோட்டைத் தாண்டறப்பக் கையைப் புடிச்சு நிறுத்தியிருந்தாப் போதும்ப்பா." அதுக்குப் பொறகு இன்னி வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. மில்லுல சீட்டைக் கிழிச்சாங்க, வீடு போச்சு. மாப்பிள்ளை வெளிய வந்ததும் திருப்பூர்ப் பக்கம் போயிட்டாங்க. எந்தத் தெருன்னு கூடத் தெரியாது. பேத்திக்கு இப்ப மூணு வயசு முடிஞ்சிருக்கும், நல்லாப் பேசும். அதை நெனைச்சா எனக்குச் சோத்துல கை வெக்க முடியலீங்க. துளசிமணிக்குச் சட்டம் தெரியல. நான் என்னத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்?

இருங்க, காத்து அடிக்கோணும். பம்ப் இங்கதான் எங்கியோ வெச்சேன்.

அந்த மேஜிஸ்ட்ரேட்டு தீர்ப்புல ஒண்ணு எழுதிப்போட்டாரு. சென்னியப்பங்கறவரு சொந்தக்காரனுக்காகப் பொய் சொல்றவரு, இனி இவரு சாட்சியை நம்பறதுக்கில்லைன்னு. அன்னியில இருந்து என் கையெழுத்துச் செல்லாதுங்க. குப்பண்ணனும் வைகாசில போயிச் சேந்துட்டாரு. ஸ்டேஷன்ல இருந்து யாரும் இந்தப் பக்கம் திரும்பல. போன வாரம் முனிசிபாலிட்டிக்காரன் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனான், பாருங்க உங்க தலைக்கு மேல. வர்ற திங்கக்கெழமை இடிக்கறானாமா. ஏட்டய்யாகிட்டப் போயி நின்னேன். நம்ம ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கெஞ்சினேன். "உன்னால இனி எங்களுக்கு என்ன ஆகும்? நம்பிக்கையா ரெண்டு ஆளைக் கொண்டா, பாக்கலாம்"ன்னுட்டாரு. ஒரு ஆளு சேத்துட்டேன், ரேசன் கடைக்காரன்.

அப்பத்தான் ஒக்காந்து யோசிச்சேன், எங்க தப்பு நடந்துச்சுன்னு. ராத்திரி பகலா யோசிச்சேன். கண்டுபுடிச்சுட்டனுங்க. சாட்சிங்கறவனுக்கு அந்த ஊர்ல ஒட்டு ஒறவு இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விசயம். நான் உள்ளூர்க்காரன், பொண்ணு குடுத்தவன், மாட்டிக்கிட்டேன். இதே ஒரு வெளியூரு ஆளா இருந்தா, படிச்ச ஆளா, சர்க்கார் உத்தியோகமா இருந்தா எந்த மேஜிஸ்ட்ரேட்டு வாயத் தொறப்பான்? வாத்தியாரு கையெழுத்துன்னா கோர்ட்டே மரியாதை குடுக்கும்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. சைக்கிளை எங்க தள்றீங்க, ரெண்டு சக்கரத்துலயும் காத்தே இல்லீங்களே. முன்னாலதும் நான்தான் எறக்கி விட்டேன், சரியா இருக்குதான்னு பாக்கலாம்னு. கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது? அதோ ஏட்டய்யாவே தாளோட வர்றாரு பாருங்க. மேல ஒண்ணும் எழுதாம இருக்குதேன்னு பாக்காதீங்க, அவங்க எழுதிக்குவாங்க. ஸ்டேஷன் வாசல்ல கைப்புள்ளையோட ஒருத்தி நின்னு அழுகறாளே, அவ பக்கம் திரும்பாதீங்க. பாத்தாக் கையெழுத்துக் கோணிப் போகும், எனக்கே பழகறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. பேனா இந்தாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க வாத்தியாரய்யா. உங்களுக்கு இந்த ஊர்ல சொந்தம்னு யாரும் இல்லீங்கல்ல?